முதல் துண்டு நாய்க்கு

பர்பேங்க், கலிஃபோர்னியா
ஆகஸ்ட் 12, 1958

அன்புள்ள ஹேட்டி அக்கா,

நான் சுகம். நீயும் அப்பாவும் அப்பாவின் இடது முழங்காலும் சுகமா?

சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கிவைத்தால் எனக்கு வயிறு வலிக்கும். என்னை டைரக்டர் ஆக்கிவிட்டார்கள்! முழுசாக இல்லை, "சால்ட் கிரீக் ஷெரிஃப்" தொடரில் மூன்று எபிசோடுக்கு மட்டும். ஒன்பது வருஷமாக உதவி டைரக்டர் என்ற பெயரில் "எல்லாரும் வாயை மூடுங்க!" என்று கத்திக்கொண்டிருந்த என்னைத் தயாரிப்பாளர் கிரான்ஸ் கூப்பிட்டு அனுப்பினார்.

"லோவெல், நீ வயோமிங்ல மாட்டுப் பண்ணையில பொறந்தவன்தானே? இங்க இருக்கிறவனுங்களுக்குக் குதிரையில முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னே தெரியல. மூணு எபிசோட் தரேன். மூணாவதைப் பார்த்துட்டு ஸ்பான்ஸர் தலையை ஆட்டினா வருஷம் பூரா நீதான். ஆட்டலைன்னா பழையபடி போய்க் கத்து" என்றார்.

நான் மாட்டுப் பண்ணையில் பிறந்தவன் என்பது சத்தியம். மாடுகள் என்னை என்ன பாடு படுத்தின என்பது உன்னோடும் என்னோடும் இருக்கட்டும்.

ஸ்பான்ஸர் ஒரு ரொட்டிக் கம்பெனி. அவர்கள் அனுப்பியிருக்கும் ஆல்பிரைட் என்பவர் முதல் நாளே என்னை உட்காரவைத்துச் சட்டதிட்டம் சொன்னார். நல்லவர்கள் சாப்பிடும்போது மேஜையில் ரொட்டி இருக்க வேண்டும். ரொட்டியை மரியாதையாகக் கையாள வேண்டும். கெட்டவன் ரொட்டியைத் தொடவே கூடாது, அவனுக்குப் பீன்ஸ் மட்டும்தான். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அக்டோபரிலிருந்து ஒளிபரப்பு. அப்பா பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதை ஒன்று விடாமல் எழுது. வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து என் வேலையைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், ஆயுசுக்கும் வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு, மூன்று எபிசோட் டைரக்டர்,
லோவெல்


ஸ்ட்ரௌட் பண்ணை, கிளியர் ஃபோர்க், வயோமிங்
ஆகஸ்ட் 24, 1958

அன்புத் தம்பி லோவெல்லுக்கு அக்கா எழுதுவது,

நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் மழை வருகிறது, மழை வருகிறது என்று ஏமாற்றுவதைத் தவிர வேறு குறை இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். அப்பா உருளைக்கிழங்கை மென்றுகொண்டே கேட்டார். "அவனா? மாட்டுப் படமா? மாட்டைக் கண்டா வேலிமேல ஏறி உட்கார்ந்துக்குவானே!" அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலையில் அவரைக் காணோம். தேடினால், அந்த முழங்காலோடு காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் நின்று டெலிவிஷன் ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கீழேயிருந்து சத்தம் போட்டேன். "வானிலை அறிக்கை சரியா தெரியல" என்றார். நீயே புரிந்துகொள்.

இங்கே ஒரு கலவரம். ஓடைக்கு அந்தப் பக்கத்து நிலத்தை ஓர் ஆட்டுக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் நாட்டுக்காரர், எர்ராமுன் இரிபெரி என்று பெயர். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "ஆடு மேய்ஞ்ச எடத்துல மாடு மூஞ்சியைக்கூட வைக்காது. நான் இருக்கிறவரைக்கும் ஓர் ஆட்டுக்காரன் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்று சொல்லி, அதையே பலகையில் எழுதி கேட்டில் மாட்டிவிட்டார். பிறகு, ஆடுகள் ஓடையைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு வர என்னை அனுப்பினார்.

போனேன். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். பெல்ட்ஸ் என்று ஒரு நாய் வைத்திருக்கிறார். அவர்கள் பாஷையில் கறுப்பு என்று அர்த்தமாம். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
ஹேட்டி அக்கா


பர்பேங்க்
செப்டம்பர் 9, 1958

அன்புள்ள அக்கா,

சௌக்கியம். வெயிலில் மூக்குத் தோல் மட்டும் உரிந்துவிட்டது. அப்பாவைக் கோபுரம் ஏற விடாதே.

முதல் எபிசோட் முடிந்தது. டைரக்டர் வேலை என்னவென்று கேட்டால், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது. ஷெரிஃப் வீரமாக வசனம் பேசும்போதெல்லாம் தலைக்கு மேலே ஒரு விமானம் போகிறது. அது ஒருவழியாகப் போய்த் தொலைந்ததும் குதிரை சாணி போடுகிறது. எங்களிடம் இருக்கும் கொள்ளைக்காரர்கள் நான்கே பேர். காலையில் மீசையோடு சுடப்பட்டுச் சாவார்கள், சாப்பிட்டுவிட்டு வந்து மீசை இல்லாமல் மறுபடி சாவார்கள். அதில் டெல்பர்ட் என்ற பெரியவர் எல்லாச் சேனலிலும் செத்தவர். "தம்பி, எந்தப் பக்கம் விழணும்?" என்று மட்டும் கேட்பார், போய் அழகாக விழுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இப்போது உன் உதவி வேண்டும். மூன்றாவது கதை வந்துவிட்டது. என் தலையெழுத்தைப் பார், வில்லன் ஓர் ஆட்டுக்காரன்! மாட்டுக்காரர்களின் சுனையைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கியை நீட்டுகிறான், ஷெரிஃப் சுட்டு வீழ்த்துகிறார். டெல்பர்ட்தான் அந்த வேஷம். எழுதியவர் நியூயார்க்காரர். அவர் ஆட்டைப் பார்த்ததே தட்டில்தானாம். அப்பா நம்மை ஆட்டுக்காரர் பக்கமே போக விட்டதில்லையே. அவர்கள் எங்கே தூங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள், ஏதாவது தெரிந்தால் எழுது. நான்கு வரி போதும்.

உன்,
லோவெல்


கிளியர் ஃபோர்க்
செப்டம்பர் 20, 1958

அன்புத் தம்பிக்கு,

நலமே. இங்கே விடிகாலையில் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. மூக்குக்கு வெண்ணெய் தடவு.

ஆட்டுக்காரர்களைப் பற்றி எனக்கென்ன தெரியும்? யாரோ சொல்லக் கேட்டதை எழுதுகிறேன்.

வட்டக் கூரை போட்ட வண்டிதான் வீடு. கதவைத் திறந்ததும் வலது கைப்பக்கம் அடுப்பு, எதிரே குறுக்குவாட்டில் கட்டில், கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொள்கிற மேஜை. ஓர் ஆள் நிற்கத்தான் இடம், இன்னொருவர் வந்தால் கட்டில் ஓரத்தில் உட்கார வேண்டும். ரொட்டியை வண்டிக்குள் சுடுவதில்லை. வெளியே குழி தோண்டி, தணல் போட்டு, மூடி போட்ட கனமான இரும்புச் சட்டியில் மாவை வைத்துப் புதைத்துவிடுவார்கள். சட்டி உயரத்துக்கு உப்பி எழும். அடிப்பாகம் மொறுமொறு என்று, உள்ளே பஞ்சு. எடுத்ததும் அடியில் கத்தி முனையால் ஒரு சிலுவை கீறுவார்கள். பிறகு ஒரு துண்டு வெட்டுவார்கள். அந்த முதல் துண்டு நாய்க்கு. நாய் தின்று முடித்த பிறகுதான் ஆள் கைவைப்பார். நாள் முழுக்க ஓடியது அதுதானே, அதற்குத்தான் முதல் உரிமை என்பார்கள்.

சுனையைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கி நீட்டுகிறானாம்! எவன் எழுதியது? அவர் துப்பாக்கியைச் சுத்தம் செய்துகூட நான் பார்த்ததில்லை. பொதுவாக ஆட்டுக்காரர்களைச் சொல்கிறேன்.

நான்கு வரி கேட்டாய், பக்கம் நிறைந்துவிட்டது. அப்பா கூப்பிடுகிறார்.

ஹேட்டி அக்கா


பர்பேங்க்
அக்டோபர் 6, 1958

என் அன்பு அக்கா,

நான் சுகம், சுகத்துக்கும் மேலே! உனக்கு ஒரு கும்பிடு.

மூன்றாவது எபிசோட் எடுத்து முடித்துவிட்டேன். கடைசி நாள் சாயங்காலம், நேரக் கணக்குப் பார்க்கிற பெண் வந்து, "டைரக்டர் சார், ரெண்டு நிமிஷம் கொறையுது" என்றாள். டெலிவிஷனில் அது சாவுக்குச் சமம். இரண்டு நிமிஷம் சும்மா திரையைக் காட்ட முடியாது. சூரியன் மலை மேல் உட்கார்ந்திருக்கிறது, நடிகர்களில் மிச்சம் இருப்பது டெல்பர்ட் மட்டும். அவரையும் முந்தாநாளே சுட்டுக் கொன்றாயிற்று. (நாங்கள் கதையை வரிசையாக எடுப்பதில்லை, கையில் எது சிக்குகிறதோ அதை எடுப்போம்.)

உன் கடிதம் பாக்கெட்டில் இருந்தது. கேன்டீன் சமையல்காரரிடம் உருண்டையாக ஒரு ரொட்டி வாங்கினேன். குழி தோண்டச் சொன்னேன். குதிரை மேய்ப்பவரின் நாயை இரவல் கேட்டேன். "டெல்பர்ட், ஒண்ணும் பேச வேண்டாம். சிலுவை கீறுங்க, வெட்டுங்க, நாய்க்குக் கொடுங்க, அப்புறம் நீங்க சாப்பிடுங்க" என்றேன். "விழ வேண்டாமா?" என்று இரண்டு தடவை கேட்டார் பாவம்.

செய்தார் அக்கா! நாய் தின்கிறவரை அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "கட்" சொல்ல மறந்தேன். கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். ஒன்பது வருஷத்தில் நான் எடுத்த, எடுக்க நினைத்த எல்லாவற்றையும்விட இதுதான் நல்லது. கிரான்ஸ் பார்க்கட்டும், ஆல்பிரைட் பார்க்கட்டும்!

ஒரு சின்னச் சந்தேகம். யாரோ சொல்லக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறாய். யாரோ சொன்னால் அடிப்பாகம் மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு என்பதெல்லாம் நாக்குக்குத் தெரியுமா? அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த "இன்னொருவர்" யார்?

சிரித்துக்கொண்டே,
லோவெல்


பர்பேங்க்
அக்டோபர் 14, 1958

அக்கா,

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் போயிற்று.

நேற்று எபிசோடைப் போட்டுக் காட்டினோம். விளக்கைப் போட்டதும் ஆல்பிரைட் எழுந்து நின்றார். முகம் தக்காளியாக இருந்தது.

"கெட்டவன் ரொட்டி திங்கிறான். சரி, தின்னுட்டுப் போகட்டும். ஆனா அவனுக்கும் முன்னால நாய் திங்குது! அமெரிக்காவுல இருக்கிற அத்தனை அம்மாவும் பார்த்துக்கிட்டிருக்கும்போது ரொட்டிக் கம்பெனி நிகழ்ச்சியில ரொட்டியைத் தூக்கி நாய்க்குப் போட்டிருக்கான் இந்த ஆளு!"

அக்கா, சத்தியமாக எனக்கு ஞாபகமே வரவில்லை. ரொட்டி ரொட்டி என்று எடுத்தேனே தவிர, சம்பளம் கொடுப்பதே ரொட்டிதான் என்பது மண்டையில் ஏறவில்லை. இப்படி ஒரு முட்டாள் உலகத்தில் உண்டா?

வெட்டி எறியச் சொன்னார். எறிந்தால் இரண்டு நிமிஷம் குறையும், மறுபடி எடுக்கக் காசும் இல்லை, நாளும் இல்லை. அதற்குள் பின்வரிசையில் டைப்பிஸ்ட் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அவரைச் சுட்டுட்டா அந்த நாய் யார்கூட இருக்கும்?" என்று கேட்டுவிட்டார்கள். கிரான்ஸ் தலையில் கைவைத்தார். பிணத்தைக் குனிந்து பார்க்கும் காட்சியில் டாக்டரின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். அந்த நடிகரைக் கூப்பிட்டு, "தோள்லதான் பட்டிருக்கு, பொழைச்சுக்குவான்" என்று ஒரு வரி பேசவைத்து ஒட்டினோம். செத்த டெல்பர்ட் உயிரோடு வந்துவிட்டார். நான்தான் செத்தேன்.

"இருக்கிறபடியே நவம்பர் ஆறாம் தேதி ஒளிபரப்பாகட்டும். அடுத்த நாள்லேர்ந்து பழையபடி போய்க் கத்து" என்றார் கிரான்ஸ்.

அப்பாவிடம் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

லோவெல்


கிளியர் ஃபோர்க்
அக்டோபர் 27, 1958

அன்புத் தம்பிக்கு,

உடம்பு நலமாக இருந்தால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கடிதமும் வந்தன. அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

உன் முதல் இரண்டு எபிசோடும் பார்த்தோம். எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்பா சொன்னதை ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். முதலாவது முடிந்ததும், "மாடு தப்பு" என்றார். கதை நடக்கிற அந்தக் காலத்தில் வெள்ளை மூஞ்சி மாடு ஏது என்று டெலிவிஷனைப் பார்த்தே சண்டை போட்டார். இரண்டாவது முடிந்ததும், "இப்பவும் மாடு தப்பு" என்றார். ஆனால் இரண்டு நாளும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

நீ செய்தது முட்டாள்தனம் இல்லை. அந்தக் காட்சியைப் பார்க்க இங்கே ஒருவருக்கு, அதாவது எனக்கு, ரொம்ப ஆசையாக இருக்கிறது. செத்தவரைப் பிழைக்கவைத்ததற்கு அந்த டாக்டருக்கு என் நன்றியைச் சொல்.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வீட்டுக்கு வா. கட்டாயம் வா.

ஹேட்டி அக்கா

பி.கு.: நீ கேட்ட சந்தேகத்துக்குப் பதில் எழுத இடம் போதவில்லை.


பர்பேங்க்
நவம்பர் 9, 1958

அன்புள்ள அக்கா,

நலம், நலம்தானே?

வியாழக்கிழமை ஒளிபரப்பானது. என் அறையில் தனியாகப் பார்த்தேன். ரொட்டிக் காட்சி வந்தபோது நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒருவரும் போன் பண்ணவில்லை. வெள்ளிக்கிழமை பழைய வேலைக்குப் போய்க் கத்தினேன். குரல்கூடச் சரியாக வரவில்லை.

அப்பா என்ன சொன்னார்? மாடு தப்பு என்றாலும் பரவாயில்லை, எழுது. என் சந்தேகத்துக்கும் இடம் ஒதுக்கு.

லோவெல்


பர்பேங்க்
நவம்பர் 19, 1958

அக்கா! அக்கா!

சுகமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, சுகமாக இரு!

திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்து இறங்கியது. ஊர் ஊராகப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். வீட்டு நாய்க்கு முதல் துண்டு ரொட்டி கொடுக்காமல் சாப்பிட உட்கார மாட்டோம் என்று அடம்பிடிக்கிறார்களாம். ஒரு தாய் எழுதியிருக்கிறாள்: "எங்க வீட்ல மூணு நாய். உங்களால ரொட்டி வாங்கி மாளல. எம் பையன் ரொட்டியோட ஓரத்தை மொத தடவையா மிச்சம் வைக்காம திங்கிறான், அதனால மன்னிச்சேன்." கடைகளில் ரொட்டி தீர்ந்துபோகிறதாம். ஆல்பிரைட் என்னைக் கட்டிப்பிடித்து, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வருஷம் பூரா நான்தான் டைரக்டர்! டெல்பர்ட்டுக்கும் நாய்க்கும் தொடரில் நிரந்தர இடம். அவர் கையெழுத்துப் போடும்போது கேட்டார்: "அப்போ, நான் சாகவே வேண்டாமா தம்பி?" வேண்டாம் என்றேன். மனுஷன் அழுதுவிட்டார், நானும்தான்.

ஆனால் நீ ஏன் எழுதவில்லை? ஒளிபரப்பான நாளிலிருந்து ஒரு வரி இல்லை. அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவதா? உனக்கு ஏதாவதா? இவ்வளவு சந்தோஷத்தையும் வைத்துக்கொண்டு தபால்காரனை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கிறேன். எழுது.

லோவெல்


கிளியர் ஃபோர்க்
நவம்பர் 21, 1958

அன்புத் தம்பி, டைரக்டர் லோவெல்லுக்கு,

எல்லாரும் நலம், பயப்படாதே. பனிப்புயலில் மலைப்பாதை அடைபட்டுத் தபால் வண்டி வரவில்லை. உன் இரண்டு கடிதமும் இன்று ஒன்றாக வந்தன. அடுப்படியில் நின்று வாசித்துக் கத்தினேன், பால் பொங்கி வழிந்தது. என் தம்பி டைரக்டர்!

இப்போது எனக்கு இடம் நிறைய இருக்கிறது, சொல்கிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தது நான்தான். ஆகஸ்டிலிருந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். ஆடுகள் ஓடையைத் தாண்டுகின்றன என்று அடிக்கடி போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அவை தாண்டவே இல்லை. எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது லோவெல், இப்படி ஒருவர் தொப்பியைக் கழற்றி நான் பேசுவதைக் கேட்டதில்லை. எனக்கு எர்ராமுனை அவ்வளவு பிடித்திருக்கிறது.

உன் எபிசோட் வருகிற அன்று அப்பாவிடம் பெண் கேட்க வருகிறேன் என்றார். சாயங்காலமே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. கதவைத் தட்டினார். அப்பா திறந்து, "பலகையில என்ன எழுதியிருக்கு?" என்றார்.

"ஆட்டுக்காரன் வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குங்க. நான் இன்னும் மிதிக்கலை. இங்கேயே நின்னுக்குறேன்."

"நில்லு" என்று அப்பா கதவைச் சாத்திவிட்டுப் போய் உன் நிகழ்ச்சிக்கு உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தட்டை உடைத்தேன். எர்ராமுன் ஜன்னல் பக்கம் வந்து, கண்ணாடி வழியாக டெலிவிஷனைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொப்பி மேலெல்லாம் பனி. பக்கத்தில் பெல்ட்ஸ், ஜன்னல் விளிம்பில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு.

ரொட்டிக் காட்சி வந்தது. சிலுவை, கத்தி, முதல் துண்டு. அப்பா மாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பிறகு டெலிவிஷனைப் பார்த்தார். ஷெரிஃப் சுட்டாரே, அப்போது எழுந்தே நின்றுவிட்டார். "டேய், அவன் என்னடா பண்ணினான் உன்னை! ரொட்டி தின்னுக்கிட்டிருந்த மனுஷன்டா!" உன் டாக்டர் "பொழைச்சுக்குவான்" என்றதும், "அப்பாடா" என்று நாற்காலியில் விழுந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஜன்னலை மறுபடி பார்த்துவிட்டுச் சொன்னார். "ஹேட்டி, குளுருது பாரு. அந்த நாயை உள்ள கூப்பிடு. அவன் அங்கேயே நிக்கட்டும்."

கூப்பிட்டேன். பெல்ட்ஸ் வாசல்வரை வந்து, திரும்பி எர்ராமுனைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. நகரவே இல்லை. கதவு திறந்து கிடந்து வீடெல்லாம் பனி. அப்பா நாயைப் பார்த்தார், நாய் அப்பாவைப் பார்த்தது. கடைசியில், "நாய்க்கு இருக்கிற பிடிவாதத்தைப் பாரு! சரி, ரெண்டு பேரும் வாங்கய்யா. காலைத் துடைச்சுக்கிட்டு வாங்க" என்றார்.

பனி கொட்டியதால் அன்று ராத்திரி எர்ராமுனால் வண்டிக்குத் திரும்பிப் போக முடியவில்லை. விடிந்ததும் அப்பா அவரோடு போய், ஆடுகளை ஓட்டிவந்து கொட்டிலில் அடைக்க உதவினார். நம் மாட்டுக் கொட்டிலில்! வெளியே யாரிடமும் சொல்லக் கூடாதாம். அப்பா சம்மதித்துவிட்டார், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் எங்கள் கல்யாணம். நீ வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். விருந்துக்கு எர்ராமுன்தான் ரொட்டி சுடுகிறார்.

கேட்டில் இருந்த பலகையை நேற்று அப்பா கழற்றினார். பெல்ட்ஸ் படுக்க ஒரு பெட்டி செய்ய வேண்டுமாம், நல்ல பலகை வீணாகக் கிடக்கிறதாம்.

இந்தக் கடிதத்தில் தானும் எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்குகிறார். இதுவரை அவர் யாருக்கும் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை.

உன் சந்தோஷமான அக்கா,
ஹேட்டி

லோவெல், மாடு இப்பவும் தப்பு. நாய் சரி. ரொம்பச் சரி. சீக்கிரம் வா. அப்பா.